சாப்பிட்டாயா? தூங்கினாயா?



ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் கழிந்து பொதுத்தேர்வுகள் நெருங்கிவரும் நாட்களில், எங்கள் மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதியில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். வழக்கமாக முதியவர்களும் கர்ப்பிணித் தாய்மாரும் காத்திருக்கும் பெஞ்சுகளில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பெற்றோரோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனுக்குத் தலைவலி, ஒருத்திக்கு வயிற்றுவலி, இன்னொருத்திக்கு அடிக்கடி மயக்கம். பரிசோதனைகள் எல்லாம் முடிந்தபின் அவர்களில் சிலரை டாக்டர்கள் எங்களிடம் அனுப்புகிறார்கள். "ஐயா, இந்தப் பிள்ளையிடம் கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள்" என்று சீட்டின் ஓரத்தில் எழுதியிருக்கும்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆகாரமும் நித்திரையும் வாலிபருடைய மனநிலையோடு எவ்வளவு நெருங்கிய தொடர்புடையவை என்பதையும், அதில் வீடும் சபையும் செய்யக்கூடியது என்ன என்பதையும் இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

ஒரு பிளஸ் டூ மாணவன்

யாரென்று அடையாளம் தெரியாதிருக்கும்படி, இரண்டு மூன்று பிள்ளைகளிடம் கண்டவற்றை ஒருவனுடைய கதையாகச் சேர்த்து எழுதுகிறோம்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பையன். தகப்பனார் சிறு கடை வைத்திருப்பவர். கடன் வாங்கி, வெளியூரில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் சேர்த்தார். அங்கே அதிகாலை 4.30-க்கு மணி அடிக்கும். இரவு 11.30 வரை படிப்பு. படுத்துக் கண்ணயரும்போது 12 ஆகிவிடும். காலையில் வரிசையில் நின்று சாப்பிட நேரமிருக்காது. ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். மாலையில் தூக்கம் வராதிருக்க மறுபடியும் டீ.

முதல் சில மாதங்கள் தாக்குப்பிடித்தான். பிறகு படித்தது நினைவில் நிற்கவில்லை. சின்னச் சொல்லுக்கும் கோபம், கோபத்துக்குப்பின் அழுகை. தூங்காமல் இருக்கப் பழகியவனுக்கு, கடைசியில் படுத்தாலும் தூக்கம் வரவில்லை, சோறும் இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன் மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று தாயாரிடம் சொன்னபோதுதான் வீட்டார் பயந்துபோய் அழைத்து வந்தார்கள்.

தகப்பனார் எங்களிடம், "ஐயா, பையனுக்குப் படிப்புல கவனமே இல்ல. ஜெபம் பண்றதும் இல்ல. சோம்பேறியாயிட்டான். நீங்க கொஞ்சம் புத்தி சொல்லி ஜெபம் பண்ணுங்க" என்றார். ஜெபித்தோம். ஆனால் புத்தி சொல்லவில்லை. மனநல மருத்துவரான டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனோம். அவர்கள் கேட்ட முதல் கேள்விகள் இரண்டு: "தம்பி, இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்ட? நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கின?"

பையன் வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு அழ ஆரம்பித்தான். ஒரு வருஷமாகத் தன்னிடம் மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றையும் யாரும் கேட்டதில்லை என்றான்.

சூரைச்செடியின் கீழே

எலியா தீர்க்கதரிசியின் சரித்திரம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட அதே மனிதன், சில நாட்களுக்குள் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். அவனுக்கு முதலில் கிடைத்தது உபதேசமோ கண்டனமோ அல்ல. தூங்கவிடப்பட்டான். பின்பு எழுப்பப்பட்டு, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கப்பட்டான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான். இரண்டாம் முறையும் எழுப்பப்பட்டுச் சாப்பிட்டான். "உனக்கு இங்கே என்ன வேலை" என்னும் பொருளுள்ள கேள்வி அவனிடம் வந்தது, அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபின் குகையைச் சேர்ந்தபின்புதான்.

இந்த வரிசையை நாம் பலமுறை வாசித்தும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். சோர்ந்துபோன வாலிபனிடம் முதலில் கேள்விகளையும் புத்திமதிகளையும் கொண்டுபோகிறோம். அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்பது மாம்சீகக் காரியம் என்று எண்ணிவிடுகிறோம். மருத்துவ அறிவோ இந்த வரிசை சரியானது என்றே காட்டுகிறது.

இது எவ்வளவு பரவலான காரியம் என்பதையும் சொல்லவேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் 100-க்கு 7 பேருக்கு மேல் ஏதாவதொரு மனநலக் குறை இருப்பதாகக் கண்டார்கள். 50 பிள்ளைகள் உள்ள ஒரு ஓய்வுநாள் பள்ளியின் பெரிய வகுப்பில் மூன்று நான்கு பேர். மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்னும், ஏறக்குறையப் பாதி 18 வயதுக்கு முன்னும் தலைகாட்டுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஆகையால் இந்த வயதில் நாம் காட்டும் கவனம் வாழ்நாள் முழுவதற்கும் பலன் தரும்.

நித்திரை ஏன் தேவை?

நித்திரை என்பது வேலை நிறுத்தம் அல்ல. நாம் தூங்கும்போது மூளை, பகலில் கற்றதைத் தரம்பிரித்து நினைவில் பதிக்கிறது. இரவின் பின்பகுதியில், அதாவது விடியலுக்கு முந்தின சில மணி நேரங்களில், கனவுகள் நிறைந்த நித்திரை அதிகமாக வருகிறது. பகலில் ஏற்பட்ட பயம், அவமானம், துக்கம் ஆகியவற்றின் வேகம் அடங்குவதற்கு இந்த நித்திரை உதவுவதாக ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். 4.30 மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை இழப்பது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான்.

தூக்கத்தை முற்றிலும் இழந்தால் என்ன நேரிடும் என்பதற்கு ஒரு வாலிபனே சாட்சியாக இருக்கிறான். அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தில், 17 வயதுப் பள்ளி மாணவன் ராண்டி கார்ட்னர் என்பவன், 1963 டிசம்பர் இறுதியிலிருந்து 1964 ஜனவரி வரை, அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள், தூங்காமலிருந்தான். ஆரோக்கியமான, உற்சாகமான பையன். நாட்கள் போகப்போக எரிச்சலும் சந்தேகமும் அவனைப் பற்றின; இல்லாததை இருப்பதாகக் கண்டான். கடைசி நாளில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65-இல் நின்றுவிட்டான். ஏன் நின்றாய் என்று கேட்டபோது, தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றான். ஆபத்தைக் கருதி இப்படிப்பட்ட முயற்சிகளை இப்போது கின்னஸ் புத்தகம் ஏற்பதில்லை. நம் பிள்ளைகள் யாரும் 11 நாள் விழித்திருப்பதில்லை. ஆனால் நாள்தோறும் சிறிது சிறிதாக இழக்கும் தூக்கமும் கடனாகச் சேருகிறது.

13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் அறிவுறுத்தியது. நாம் சொன்ன பையன் தூங்கியது நாலரை மணி நேரம். எட்டு மணி நேரமே போதுமென்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம் குறைவு. ஆறு நாளில் 21 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கி இக்கடனை அடைத்துவிட முடியாது.

"அப்படியானால் சீக்கிரம் படுக்கட்டுமே" என்று பெற்றோர் கேட்பார்கள். இங்கே நாம் அறியவேண்டிய ஒரு காரியம் உண்டு. இருட்டியதும் மூளையில் சுரக்கும் மெலடோனின் என்னும் பொருள்தான் தூங்கும் நேரம் வந்ததென்று சரீரத்துக்கு அறிவிக்கிறது. பருவமடையும் வயதில் இது சுரக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஆகவே ஒன்பது மணிக்குப் பாட்டிக்குக் கண் சொருகும்போது, பேரனுக்குத் தூக்கம் வராதிருப்பது அடங்காமை அல்ல. வளர்ச்சியின் ஒரு பகுதி. மேரி கார்ஸ்கடன் என்னும் அமெரிக்க அம்மையார் 1970-களின் பிற்பகுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்குக் கோடைக்காலத் தூக்க முகாம்களை நடத்தினார். வயது ஏற ஏறத் தூக்கம் குறைவாகவே போதும் என்று அந்நாளில் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். தடையின்றித் தூங்கவிட்டபோதோ, பெரிய பிள்ளைகளும் சிறு பிள்ளைகளைப் போலவே சுமார் 9 மணி நேரம் தூங்கினார்கள்.

இதை உணர்ந்து சில இடங்களில் பள்ளி நேரத்தையே மாற்றினார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7.50-லிருந்து 8.45-க்குத் தள்ளிவைத்தார்கள். பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். அப்படி நடக்கவில்லை; முன்பைவிட நாளொன்றுக்கு 34 நிமிடம் அதிகமாகத் தூங்கினார்கள். கலிபோர்னியா மாநிலத்தில் 8.30-க்கு முன் உயர்நிலைப் பள்ளி தொடங்கலாகாது என்ற சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது.

"அதிகாலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும்" என்று நம் வீடுகளில் சொல்லுவோம். ஒன்பதரை மணிக்குத் தூங்கிவிட்டவனுக்கு அது பொருந்தலாம். நள்ளிரவில் படுத்தவனுக்குப் பொருந்தாது.

தேநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீயிலும் காபியிலும் உள்ள கேபின் என்னும் பொருள் களைப்பை நீக்குவதில்லை, மறைத்துவைக்கிறது. குடித்ததில் பாதி சரீரத்தைவிட்டு நீங்குவதற்கே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் பாதி வேகம் இரவு 11 மணிக்கும் இருக்கும். வாலிபர் விரும்பிக் குடிக்கும் உற்சாக பானங்களில் கேபினோடு சர்க்கரையும் மிகுதியாக இருக்கிறது.

ஆகாரம் குறைந்தால் மனதுக்கு என்ன?

மனித சரீரத்தின் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதந்தான். ஆனால் சரீரம் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆகாரம் குறையும்போது முதலாவது மங்குவது முகமும் மனமுமே.

இதைத் தெளிவாகக் காட்டிய ஓர் ஆராய்ச்சி சபைச் சரித்திரத்தோடும் சம்பந்தப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் கடைசி ஆண்டில் ஐரோப்பா பட்டினியில் கிடந்தது. பட்டினி கிடந்தவர்களை எப்படிப் போஷித்துத் தேற்றுவது என்று அறியும்படி, அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆன்சல் கீஸ் என்பவர் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். மனச்சாட்சியினிமித்தம் போரில் ஆயுதம் எடுக்க மறுத்த வாலிபர் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குவேக்கர், மெனோனைட், பிரதரன் சபைகளைச் சேர்ந்தவர்கள். சரீரத்திலும் மனதிலும் திடமானவர்கள் என்று சோதித்துத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள். 24 வாரங்களுக்கு அவர்களுடைய ஆகாரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி, கிழங்குவகைகள் ஆகியவையே உணவு. எடை கால் பங்கு குறைந்தது.

எடையைவிட மனதில் ஏற்பட்ட மாற்றமே ஆராய்ச்சியாளரைத் திகைக்கச் செய்தது. அன்பும் பொறுமையுமுள்ள அந்த வாலிபர்கள் சோர்ந்து, எரிச்சலடைந்து, ஒருவரோடொருவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். படிப்பிலும் ஊழியத்திலும் இருந்த வாஞ்சை போயிற்று. உலக சமாதானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு ஏற்பட்டது. விசுவாசத்தினிமித்தம் இந்தச் சோதனைக்கு வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய மனம் தளர்ந்ததற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று யார் சொல்லக்கூடும்?

நம் நாட்டில் பட்டினியைவிட மறைவான ஒரு குறை உண்டு. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுள்ள பெண்பிள்ளைகளில் 59 சதவீதத்தினருக்கும் பையன்களில் 31 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் இவ்வயதுப் பெண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல். இரும்புச்சத்து இரத்தத்துக்கு மட்டுமல்ல, உற்சாகத்துக்கும் கவனத்துக்கும் வேண்டிய சில இரசாயனப் பொருட்களை மூளை தயாரிப்பதற்கும் தேவை. அது குறைந்தால் அசதி, மறதி, எதிலும் நாட்டமின்மை. சிலருக்கு இரவில் கால் குடைச்சல் எடுத்துத் தூங்கவிடாது. இப்படிப்பட்ட பெண்பிள்ளையைச் "சோம்பேறி" என்று எத்தனை வீடுகளில் கடிந்துகொள்கிறோம்!

பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் நீல நிற மாத்திரை இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் அடங்கியது. வயிற்றைப் புரட்டும் என்று பல பிள்ளைகள் அதை எறிந்துவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப்பின் எடுத்துக்கொண்டால் அத்தொல்லை குறையும். முருங்கைக்கீரை, எள், பயறு வகைகள், ஈரல், சுவரொட்டி ஆகியவற்றில் இரும்புச்சத்து உண்டு. அவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் சேருவது தடைப்படும். பி12 என்னும் வைட்டமின் குறைந்தாலும் மறதியும் மனச்சோர்வும் வரலாம். அது முட்டை, மீன், இறைச்சி, பால் ஆகியவற்றில் கிடைக்கிறது. சுத்த சைவம் உண்ணும் பிள்ளைகள் பாலையும் தயிரையும் விடலாகாது.

நல்ல ஆகாரத்தால் மனச்சோர்வு குறையுமா? ஆஸ்திரேலியாவில் பேராசிரியை பெலிஸ் ஜாக்காவும் உடன் ஊழியரும் மனச்சோர்வுள்ள 67 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குக் காய்கறி, பழம், பயறு, மீன், முழுத்தானியம் சேர்ந்த உணவுக்கு வழிகாட்டினார்கள். மற்றப் பிரிவினரோடு தோழமையாக உரையாடினார்கள். 12 வாரத்துக்குப்பின் முதல் பிரிவில் 32 சதவீதத்தினரும், இரண்டாம் பிரிவில் 8 சதவீதத்தினரும் நோயிலிருந்து தேறியிருந்தார்கள். 2019-இல் அங்கேயே மக்வாரி பல்கலைக்கழகத்தில் 17 முதல் 35 வயதுள்ள 76 பேரிடம் மூன்று வாரம் மட்டும் உணவை மாற்றிப் பார்த்தபோதும் மனச்சோர்வு குறைந்தது. இவை சிறிய ஆராய்ச்சிகள் என்பதையும் உண்மையாய்ச் சொல்லவேண்டும். மறுபுறம், அதே 2019-இல் ஐரோப்பாவில் உடல் எடை மிகுந்த 1,025 பேரிடம் செய்த பெரிய ஆராய்ச்சியில், சத்து மாத்திரைகள் மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆகையால், "ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதிக்கொடுங்க" என்று கேட்கும் பெற்றோரிடம் எங்கள் டாக்டர்கள், அந்தப் பணத்துக்கு முட்டையும் பழமும் வாங்கச் சொல்லுகிறார்கள்.

ஒன்றை ஒன்று இழுக்கும் சக்கரம்

ஆகாரம், நித்திரை, மனம் மூன்றும் ஒரே சக்கரத்தில் கட்டப்பட்டவை. தூக்கம் குறைந்தவனுக்குப் பசியைத் தூண்டும் சுரப்பிகள் நிலைகுலைந்து, இனிப்பும் பொரித்ததும் தின்னத் தோன்றும். இரவு நேரங்கழித்து அவற்றைத் தின்பதால் வயிறு மந்தமாகித் தூக்கம் கெடும். காலையில் பசிக்காது, வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போவான். பகலெல்லாம் சோர்வு, மாலையில் காபி. சில மாதங்களில் மனம் தளரும். தளர்ந்த மனம் பசியையும் தூக்கத்தையும் இன்னும் கெடுக்கும்.

இதில் நம்பிக்கை தரும் காரியம் என்னவென்றால், சக்கரத்தை ஏதாவதோர் இடத்தில் பிடித்து நிறுத்தினால் மற்றவையும் நிற்கத் தொடங்குகின்றன. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் பிரீமன் குழுவினர், 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மையால் வருந்திய 3,755 மாணவரை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். மாத்திரையில்லாமல், தூங்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்ப்படுத்தும் பயிற்சியை மட்டும் ஒரு பிரிவினருக்குக் கொடுத்தார்கள். தூக்கம் சீரானதோடு, வீண் சந்தேகங்களும் மனக்கலக்கமும் சோர்வும் குறைந்தன. தூக்கமின்மை மனநோயின் விளைவு மட்டுமல்ல, அதன் காரணங்களில் ஒன்றும்கூட என்பது இதனால் விளங்கிற்று.

ஒரு எச்சரிப்பு

இதையெல்லாம் வாசித்துவிட்டு, சோறும் தூக்கமும் சரியானால் மருந்து வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கும் பிள்ளைக்கும் மனச்சோர்வு வரும். மனநோய்க்குப் பரம்பரை, துக்கம், வன்முறை, கடன், அவமானம் என்று பல காரணங்கள் உண்டு. ஆகாரமும் நித்திரையும் அஸ்திபாரம். அதுவே முழு வீடு அல்ல. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை எடுப்பதில் எப்படி வெட்கமில்லையோ அப்படியே இதிலும் வெட்கமில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ மாறியிருந்தால், பிரியமாய்ச் செய்த காரியங்களை விட்டுவிட்டால், தனித்தே இருந்தால், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நான் இருந்து பயனில்லை என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். அன்பாய், நேராய்க் கேட்பதால் அப்படி நேரிடுவதில்லை, பாரம் இறங்குகிறது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

வீட்டிலும் சபையிலும்

நாம் செய்யக்கூடிய சில காரியங்களைக் கீழே தருகிறோம்.

1. காலை ஆகாரமில்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். இட்லி தோசைதான் வேண்டுமென்பதில்லை. மோர் ஊற்றிய பழைய சோறும் ஒரு முட்டையும், அல்லது கேழ்வரகுக் கூழும் ஒரு பிடி நிலக்கடலையும் போதும். தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியது. மேல்வகுப்புப் பிள்ளைகளை நாம்தான் கவனிக்கவேண்டும்.

2. எழும் நேரத்தை எல்லா நாளும் ஏறக்குறைய ஒன்றாக வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். காலை வெயிலில் சற்று நடப்பது, இரவில் உரிய நேரத்தில் தூக்கம் வர உதவும்.

3. இரவில் செல்போன் படுக்கைக்குப் போகவேண்டாம். முதலில் தாய் தகப்பன் தங்கள் போனை வெளியே வைக்கட்டும். பிறகு பிள்ளைகளிடம் கேட்கலாம்.

4. பிற்பகல் 3 மணிக்குமேல் டீ, காபி வேண்டாம்.

5. ஒரு நாளில் ஒரு வேளையாவது குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த வேளையில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம்.

6. விடுதியில் சேர்க்குமுன் கட்டணத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் மட்டும் விசாரிக்காமல், எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பார்கள், காலை உணவுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள்.

7. இந்தக் கடைசிக் காரியத்தைத் தயக்கத்தோடும் அன்போடும் எழுதுகிறோம். வாலிபருக்கென்று முழு இரவு ஜெபங்களையும் உபவாசக் கூடுகைகளையும் ஒழுங்குசெய்யும் சபைகள், அவற்றைத் தேர்வு மாதங்களில் வைக்காதிருப்பது நலம். மனநிலை மிகையாய் எழும்பியும் தாழ்ந்தும் வரும் நோயுள்ளவர்களுக்கு ஓர் இரவு விழிப்பே நோயைக் கிளப்பிவிடக்கூடும். இரத்தசோகையுள்ள பெண்பிள்ளைகளையும், மருந்து எடுப்பவர்களையும், மெலிவதற்காகவே சாப்பாட்டைத் தவிர்க்கும் பிள்ளைகளையும் உபவாசத்துக்கு உந்தவேண்டாம். "நீ சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபி" என்று போதகர் வெளிப்படையாய்ச் சொன்னால், வெட்கப்பட்டு மறைந்து வாடும் ஒரு பிள்ளை காப்பாற்றப்படலாம். உபவாசத்துக்கும் விழித்திருந்து ஜெபிப்பதற்கும் விரோதமாக நாங்கள் எழுதவில்லை; எங்கள் வாழ்விலும் அவற்றால் பலனடைந்திருக்கிறோம். வளரும் சரீரத்துக்கும் கலங்கிய மனதுக்கும் ஏற்ற அளவைப் பற்றியே சொல்லுகிறோம்.

அந்தப் பையன்

முதலில் சொன்ன பையனைப் பற்றிக் கேட்பீர்கள். டாக்டரம்மா மருந்து கொடுத்தார்கள். இரத்தசோகையும் இருந்தது, அதற்கும் சிகிச்சை நடந்தது. விடுதியைவிட்டு வீட்டிலிருந்தே தேர்வுக்குப் படித்தான். முதல் மூன்று வாரம் பெரும்பாலும் தூங்கினான், சாப்பிட்டான். தகப்பனாருக்கு அந்த மூன்று வாரமும் மிகவும் கஷ்டமாயிருந்தது. வீணாய்ப் போகிறதே என்று தவித்தார். வீணாகவில்லை என்று பிறகு கண்டுகொண்டார்.

எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. கேட்ட படிப்பும் கிடைக்கவில்லை. வேறொரு படிப்பில் சேர்ந்தான். இன்னும் மாதம் ஒருமுறை டாக்டரம்மாவைப் பார்க்க வருகிறான். வரும்போது தகப்பனாரும் கூடவே வருவார். சென்ற முறை எங்கள் அறையில் எட்டிப் பார்த்து, "ஐயா, நல்லாத் தூங்குறான். காலையில நாலு இட்லி சாப்பிடுறான்" என்றார். மதிப்பெண்ணைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிரியமானவர்களே, இவ்வாண்டு தேர்வு எழுதும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலோ, உங்கள் தெருவிலோ, சபையிலோ இருப்பார்கள். அவர்களுக்காக ஜெபியுங்கள். அவர்களைச் சந்திக்கும்போது, "எப்படிப் படிக்கிறாய்?" என்று கேட்குமுன் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். பதிலைக் கேட்கச் சற்று நேரம் நில்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவமனைச் சாப்ளின்